இருபத்தைந்து மில்லிமீட்டர் இறக்கம்

1

முதலில் சத்தியம். இந்தக் கதையில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கற்பனை ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. கடல்மேல் ஆணை, தேநீர்க் கோப்பையின் அடியில் கிடக்கும் கற்கண்டின்மேல் ஆணை, எனக்கு மிச்சமிருக்கும் பற்களின்மேல் ஆணை. பற்களை இழுப்பதற்குக் காரணம் உண்டு. கதை பிறந்ததே பல் மருத்துவரிடம்தான்.

மருத்துவர் கரையில் இருக்கிறார். எதிரே தெரியும் ஜெர்மன் நிலப்பரப்பைத்தான் தீவில் நாங்கள் 'கரை' என்போம். அவருடைய காத்திருப்பு அறையில் முன்னட்டை கிழிந்த மோட்டார் இதழ் ஒன்று கிடந்தது. அதில் அரைப்பக்க விளம்பரம்: 'பெரிய வீல் மாட்டியவர்களுக்கு, மிதமான இறக்கம் தரும் ஸ்பிரிங்.' காரின் ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தரைக்கு நெருக்கமாக உட்காரவைப்பார்களாம். ஆனால் மிதமாக. விழவும் வேண்டும், விழுந்த மாதிரியும் தெரியக்கூடாது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்து நாற்காலியில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த அம்மாள் என்னை முறைத்த முறைப்பில் என் பல்வலியே போய்விட்டது.

சிரிக்கத்தக்கது எதுவோ அதை எழுதலாம் என்பது என் கொள்கை. அழத்தக்கதை எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்குப் பரிசும் கிடைக்கிறது.

2

தொடக்கங்கள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

'வடகடலின் சாம்பல் அலைகள் ஆதி மௌனத்தை...' (எங்கள் கடல் மௌனமாக இருந்ததை இதுவரை யாரும் கேட்டதில்லை. அடித்தேன்.)

'அன்று காற்று பலமாக வீசியது.' (இங்கே காற்று வீசாத நாள்தான் செய்தி. அடித்தேன்.)

'ஐலர்ட் டாமென் ஒரு நல்ல மனிதர்.' (சத்தியம் செய்துவிட்டு இப்படி எழுதலாமா? இரண்டு கோடு போட்டு அடித்தேன்.)

'ஐலர்ட் டாமென் பிறரைக் கேலி செய்வதைத் தொழிலாகவும், துறைமுகத்தின் சாய்பாலத்தை இயக்குவதைப் பொழுதுபோக்காகவும் வைத்திருந்தார்.'

இது இருக்கட்டும்.

சாய்பாலம் என்பது கப்பல்தளத்துக்கும் துறைக்கும் நடுவே போடுகிற இரும்புப் பலகை. கடல் ஏறியிருக்கும்போது அது பாய் விரித்த மாதிரி மட்டமாகக் கிடக்கும். கடல் உள்வாங்கும் வற்ற நேரத்தில் கப்பலும் கீழே போய்விடும். அப்போது சாய்பாலம் கூரைபோலச் சரிந்து நிற்கும். பலகை முடிந்து கப்பல்தளம் தொடங்கும் மடிப்பில், தாழ்வான வண்டியின் மூக்கு போய் உரசும். சத்தம் தேவாலயம்வரை கேட்கும்.

அப்படி எந்த வண்டி உரசினாலும் ஐலர்ட் துறைமுக மணியை ஒருமுறை அடிப்பார். யாரும் அடிக்கச் சொல்லவில்லை. மூடுபனிக்கென்று தொங்கவிட்ட மணி அது. மூடுபனியைவிட மூடர்கள் அதிகம் என்பது அவர் கருத்து. மணி அடித்ததும் துறையில் நிற்பவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். கரையிலிருந்து வண்டியைத் தரையோடு தரையாக இறக்கிக்கொண்டு வரும் இளைஞர்கள், காதுமடல் சிவக்க, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போவார்கள்.

மீன்ரொட்டிக் கடை வைத்திருக்கும் ஃபோக்கோவும் ஒருநாள் உரசினான். அன்று அவன் கரையில் கல்யாணத்தை முடித்துவிட்டு, மணப்பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தீவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். ஐலர்ட் அன்றைக்கும் அடித்தார். ஒருமுறை அல்ல. மணப்பெண்ணுக்காக இன்னொருமுறையும்.

அன்றிலிருந்து ஃபோக்கோ காத்திருந்தான். வெங்காயம் நறுக்கும்போதும் ஹெர்ரிங் மீனின் முள்ளை எடுக்கும்போதும் அவன் கண் மணிக்கயிற்றின்மேலேயே இருந்தது. இவ்வளவு பொறுமையைப் படிப்பில் காட்டியிருந்தால் பேராசிரியர் ஆகியிருப்பான். பிறகு அவனையும் நான் இகழ வேண்டியிருந்திருக்கும்.

3

ஐலர்ட்டுக்கு அறுபதை நெருங்கும் வயதில் ஆசை வந்தது. சிலருக்கு அந்த வயதில் வேறு ஆசைகள் வரும். அவை செலவு குறைந்தவை.

நீலநிறத்தில் பின்பக்கம் நீண்ட பழைய கார் ஒன்றை வாங்கினார். யாரிடமிருந்து? (பல் மருத்துவரிடமிருந்து. கதைக்குள் ஏற்கெனவே ஒரு மருத்துவர் இருக்கும்போது புதிதாக ஒரு ஆளைக் கூட்டிவருவானேன்? சிக்கனம்.) வாங்கிய கையோடு, பதினாறு அங்குல வீல்களைக் கழற்றிவிட்டுப் பத்தொன்பது அங்குல வீல்களை மாட்டினார். சூரியன்போல ஆரக்கால்கள், வெள்ளிப் பளபளப்பு.

இங்கேதான் சிக்கல். வீல் பெரிதானால் ரப்பர் மெலிய வேண்டும். மொத்த உயரம் மாறக்கூடாது. ஆகவே கார் ஒரு மயிரிழைகூட உயரவில்லை. ஆனால் கண் கணக்குப் பார்க்காது. பளபளப்பான வட்டத்துக்கு மேலே, மட்கார்டுக்குக் கீழே, அதுவரை யாரும் கவனிக்காத இடைவெளி இப்போது ஆவென்று வாய் பிளந்து நின்றது.

"வளர்ற பையனுக்குப் போன வருசப் பேன்ட்டப் போட்டுவிட்ட மாதிரி இருக்கு" என்றாள் அவர் மனைவி அல்மா. கணுக்கால் தெரிகிறது என்று பொருள்.

தீவில் அந்த இடைவெளியை விரலால்தான் அளப்பார்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையைப் படுக்கவைத்து எத்தனை விரல் நுழைகிறது என்று பார்ப்பார்கள். ஐலர்ட்டின் கை வடம் இழுத்துத் தடித்த கை. அவர் கணக்கில் நாலு விரல். அஞ்சல்காரர் கணக்கில் ஐந்து. ஃபோக்கோ கையை விட்டு, மணிக்கட்டுவரை நுழைத்து, உள்ளே எதையோ துழாவுவதுபோல நடித்தான்.

"அண்ணே, உள்ள முட்டை இருக்கு. கடற்காக்கா கூடு கட்டிருச்சு போல."

சந்தைக்கு வந்து நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஐலர்ட் அன்றிரவு சாப்பிடவில்லை என்று எழுதலாம்தான். சாப்பிட்டார். முட்டைக்கோசும் பன்றித் தொத்திறைச்சியும் இரண்டு தட்டு. மானம் போனால் பசிக்காது என்று எழுதுபவர்கள் மானம் போய்ப் பார்க்காதவர்கள்.

ஆனால் முடிவெடுத்துவிட்டார். காரை இறக்க வேண்டும். மணி அடிக்காத அளவுக்கு.

4

அல்மாவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கதைகளில் வரும் மனைவிகள் ஒன்று புத்திசாலியாக இருக்கிறார்கள், இல்லையென்றால் அழுகிறார்கள். முதல் வரைவில் அல்மாவே கிடையாது. அவள் இடத்தில் ஒரு நாய் இருந்தது. நாய்க்கு ஸ்பிரிங்கைப் பற்றி அபிப்பிராயம் இல்லாததால் அதை அனுப்பிவிட்டேன். இரண்டாம் வரைவில் அல்மாவை முட்டாளாக்கிப் பார்த்தேன். அவள் ஒத்துழைக்கவில்லை.*

* பாத்திரங்கள் தாமாக நடந்துகொள்கின்றன என்று சொல்லும் எழுத்தாளர்களை நம்பாதீர்கள். சோம்பேறிகள். நான் சோம்பேறி என்பது வேறு விஷயம்.

தேநீர் மேசையில் மூன்று வழிகள் கிடந்தன. ஐலர்ட் விலைப்பட்டியலைப் பாதிரியார் வேதம் விரிப்பதுபோல விரித்தார்.

பதினைந்து மில்லிமீட்டர் இறக்கும் ஸ்பிரிங். இது கண்ணுக்குத் தெரியாது, காசுக்கு மட்டும் தெரியும். ஐம்பது இறக்கும் ஸ்பிரிங். வண்டி மோப்பநாய்போலத் தரையை முகர்ந்துகொண்டு போகும். பழைய ஷாக் அப்சார்பர் அந்தத் தாழ்வுக்கு ஈடு கொடுக்காது, அதையும் மாற்ற வேண்டும். சாய்பாலத்தில் உரசுவது உறுதி. நடுவில் இருபத்தைந்து. பழைய ஷாக் அப்சார்பர் போதும். நாலு விரல் இடைவெளி ஏறக்குறைய இரண்டரை ஆகும். பார்ப்பவனுக்கு இறக்கியது என்று தோன்றாது, பிறப்பிலேயே அப்படி என்று தோன்றும்.

அடுத்து மடிப்புக் கணக்கு. சாய்பாலத்தை அறிந்தவர் அவரைவிட யார்? மரச்சட்டத்தால் காரின் மூக்குக்கு ஒரு மாதிரி செய்து, வற்ற நேரங்களில் வைத்து வைத்துப் பார்த்தார். சாதாரண வற்றத்தில் இருபத்தைந்து தாராளமாகப் போகும். பௌர்ணமியை ஒட்டி வரும் பெருவற்றத்தில்தான் சங்கடம். அப்போது மூக்குக்கும் தளத்துக்கும் நடுவே மிஞ்சுவது ஒரு தேக்கரண்டியின் கனம். அல்லது அதுவும் இல்லை. மரச்சட்டம் ஒருநாள் போனது, மறுநாள் தட்டியது.

இதை அல்மாவிடம் விளக்கிக்கொண்டே போனார். முதல் கோப்பை முடிந்து, இரண்டாவது முடிந்து, மூன்றாவதிலும் பாலாடை மேகம்போல மிதந்து கலைந்துவிட்டது. அவர் மில்லிமீட்டரை விட்டு இறங்கவில்லை.

"ஏ மனுசா" என்றாள் அல்மா. "டயர்ல இருந்த ரப்பர் பாதி போச்சு. இப்ப ஸ்பிரிங்கையும் குட்டையாக்கி இறுக்கமாக்கப் போற. அப்ப அந்த வண்டியில மிச்சம் இருக்கற ஒரே ஸ்பிரிங் என் முதுகெலும்புதான்."

"அதான் மிதமா எறக்குறேன்ங்கறேன்."

"மிதமாக் கிறுக்குப் புடிச்சவன்னு யாராவது இருக்கானா?"

சொல்லிவிட்டு, தேக்கரண்டியை எடுத்து அவருடைய கோப்பைக்குள் போட்டாள்.

எங்கள் பக்கத்தில் கோப்பைக்குள் கரண்டியைப் போட்டால் 'போதும், இனி ஊற்றாதே' என்று பொருள். அவரவர் கோப்பையில் அவரவர்தான் போட வேண்டும். அடுத்தவர் கோப்பையில் போடுவது, உயிரோடிருப்பவருக்கு மலர்வளையம் அனுப்புவது மாதிரி. ஐலர்ட் கரண்டியைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் இருபத்தைந்துக்குச் சொல்லி அனுப்பினார்.

(இந்த இடத்தில், 'ஸ்பிரிங் என்பது இங்கே மனிதனின் அடக்கத்துக்குக் குறியீடு' என்று எந்த விமர்சகராவது எழுதினால், அவர் வீட்டு நாற்காலியில் அந்தக் குறியீட்டை நிமிர்த்திவைத்து உட்காரச் சொல்வேன்.)

5

தீவில் பட்டறை ஒன்றுதான். அதை நடத்துபவள் வீப்கெ, அல்மாவின் அண்ணன் மகள். குதிரைக்கு லாடம் அடிப்பாள், படகுக்கு எஞ்சின் பார்ப்பாள், மாதாகோயில் கதவுக்குக் கீல் மாற்றுவாள். வேலையில் கெட்டிக்காரி. ஆனால் மூன்று மணிக்கு உலகமே தீப்பற்றி எரிந்தாலும் அவள் தேநீர் மேசையில் இருப்பாள். அவள் மட்டுமல்ல, தீவே அப்படித்தான். மூன்று மணிக்கு இங்கே யாரும் சாவதுகூட இல்லை. மூன்றரைக்குச் சாவார்கள்.

காரை லிஃப்டில் ஏற்றினாள். பழைய ஸ்பிரிங்குகளை எடுத்தாள், புதியவற்றைப் பொருத்தினாள். கடைசியில் மிஞ்சியது, வீலைத் தாங்கும் கைகளின் போல்ட்டுகளை இறுக்குவது. அந்தக் கைகள் 'புஷ்' எனப்படும் ரப்பர் வளையங்களில் உட்கார்ந்திருக்கும். வண்டியைத் தரையில் இறக்கி, எடை முழுக்க வீல்மேல் வந்த பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். வீல் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால், ரப்பர் அந்தத் தொங்கலையே தன் இயல்பு என்று பிடித்துக்கொண்டு, தரைக்கு வந்த பிறகும் வண்டியைக் கீழே விடாமல் முட்டுக்கொடுத்து நிற்கும்.

இது வீப்கெவுக்குத் தெரியாதா? தெரியும். அப்போது மணி மூன்றாக இருந்தது.

அந்தரத்திலேயே இறுக்கிவிட்டுத் தேநீருக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது, இறுக்கியாகிவிட்டது என்பது நினைவிருந்தது. எங்கே வைத்து இறுக்கினோம் என்பது கற்கண்டோடு கரைந்துவிட்டது.

ஐலர்ட் மாலையில் வந்து கையை விட்டார். நாலு விரல். கையை எடுத்து, விரல்களை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி விட்டார். நாலு.

'புதிய ஸ்பிரிங் உட்காரக் கொஞ்ச நாள் ஆகும்' என்று வீப்கெ சொன்னாள். அதுவும் உண்மைதான். உண்மைகளில் அந்தந்த நேரத்துக்கு உதவுகிற ரகம் ஒன்று உண்டு.*

* எங்கள் நாட்டில் மனைவியை மாற்ற யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பிரிங்கை மாற்றினால் அதிகாரி ஒருவர் குனிந்து பார்த்து முத்திரை குத்த வேண்டும். அவர் கரையில் இருக்கிறார். ஆகவே ஐலர்ட் என்றாவது ஒருநாள் சாய்பாலத்தைக் கடந்தே ஆக வேண்டும். கதைக்கு இது வசதி.

6

இனி வருவதை நீங்கள் நம்பமாட்டீர்கள். எனக்குக் கவலையில்லை. நான் சத்தியம் செய்தாயிற்று.

ஒரு வாரம் போயிற்று. கார் உட்காரவில்லை. ஃபோக்கோ கடையில் வெங்காயம் நறுக்கியபடியே, "என்னண்ணே, இன்னும் எறக்கலையா?" என்று கேட்டான். கேள்வியில் தேனும் கடுகும் சமமாக இருந்தன.

ஐலர்ட் நின்றார். 'வேலை சரியாக நடக்கவில்லை' என்று சொல்லியிருக்கலாம். கேலி செய்தே வாழ்ந்தவருக்கு அந்த வாக்கியம் வாயில் வராது. வேறொன்று வந்தது.

"எறக்கியாச்சு. உனக்குத் தெரியலன்னா, அதுக்குப் பேர்தான் மிதம்."

ஃபோக்கோவின் கத்தி வெங்காயத்தின் பாதியில் நின்றது.

"எல்லாருக்கும் தெரியுற மாதிரி எறக்கறது உன்ன மாதிரி ஆளு செய்யறதுடா. இது பாக்கத் தெரிஞ்சவன் கண்ணுக்கு மட்டுந்தான் தெரியும்."

அவ்வளவுதான். மறுநாளே பார்க்கத் தெரிந்தவர்கள் முளைத்துவிட்டார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் காரைச் சுற்றி வந்து, 'பின்பக்கத்தில் ஒரு நிதானம் வந்திருக்கிறது' என்றார். பாதிரியார் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, 'முன்பு இருந்த அகந்தை இல்லை' என்றார். அஞ்சல்காரர் கையை விட்டு அளந்து மூன்று விரல் என்றார். அன்றைக்குக் குளிருக்குக் கையுறை போட்டிருந்தார். அதைக் குறிப்பிடுவது கோள்மூட்டலாகும், ஆகவே குறிப்பிட்டுவிட்டேன்.

ஐலர்ட்டின் பேச்சும் ஏறியது. அடக்கம், அளவு, நடுவழி என்றெல்லாம் சாய்பாலத்தடியில் நின்று உபதேசம் செய்தார். இறங்காத காரின் இறக்கத்தைப் பற்றி அவர் பேசியதைக் கேட்டு இரண்டு பேர் ஸ்பிரிங்குக்கு முன்பணம்கூடக் கட்டினார்கள். அவர்களிடம் கார் கிடையாது.

(இங்கே நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஐலர்ட் பொய் சொல்கிறாரா? தெரிந்தே சொல்கிறாரா? ஒரு நல்ல எழுத்தாளன் இந்த இடத்தில் அவர் மனத்துக்குள் புகுந்து இரண்டு பக்கம் உழுதிருப்பான். நான் எட்டிப் பார்த்தேன். உள்ளே நாலு விரல் இடைவெளி இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.)

கடைசியில் ஃபோக்கோ எல்லார் முன்னாலும் பந்தயத்தை வைத்தான். பெந்தெகொஸ்தேப் பண்டிகை ஞாயிற்றுக்கிழமை பெருவற்றம். அன்றைய கப்பலில் அண்ணன் ஏற வேண்டும். மூக்கு உரசினால் மணியை அவன் அடிப்பான்.

ஐலர்ட்டுக்கு உள்ளுக்குள் சிரிப்பு. நாலு விரல் உயரத்தில் நிற்கும் கார் எந்த வற்றத்திலும் உரசாது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். மணிக்கயிற்றைப் புதிதாக மாற்றக்கூடச் சொன்னார்.

7

பெந்தெகொஸ்தேக்கு முதல்நாள் வீப்கெவுக்கு ஞாபகம் வந்தது. ஏதோ ஒரு வண்டியின் கீழே படுத்திருந்தபோது, அந்தரத்தில் தொங்கிய வீலும், தேநீர் மணமும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. நல்ல பெண். யாரிடமும் சொல்லாமல் ஐலர்ட்டின் காரை எடுத்துப் போய், தரையில் நிறுத்தி, போல்ட்டுகளைத் தளர்த்தினாள். கார் ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது. அந்த நிலையில் மறுபடி இறுக்கி, துடைத்து, வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். அவள் நேரத்தைப் பார்த்துத்தான் வந்திருந்தாள். மணி மூன்றே முக்கால்.

"மாமா, ஒரு தப்பு நடந்துபோச்சு. சரி பண்ணிட்டேன்" என்றாள்.

ஐலர்ட் வாசலுக்கு வந்தார்.

அவரைப் பற்றி இதுவரை எழுதிய எதையும் நான் திரும்பப் பெறப்போவதில்லை. ஆனாலும் இதைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கார் அழகாக இருந்தது. வட்டமும் வளைவும் ஒன்றையொன்று கேட்டு வாங்கிக்கொண்டதுபோல இருந்தன. இடைவெளி இருந்தது, ஆனால் வாய் பிளக்கவில்லை, புன்னகைத்தது. பார்க்கத் தெரியாதவனுக்கும் தெரிந்தது. விரலை விட்டார். இரண்டு விரல் நுழைந்தது, மூன்றாவது பாதியில் நின்றது. விரலை எடுக்க மனமில்லாமல் அங்கேயே குந்தியிருந்தார். விலைப்பட்டியலை விரித்த நாளிலிருந்து கண்ணுக்குள் வைத்திருந்தது, இப்போது வாசலில் நின்றது.

தேக்கரண்டியின் கனம் நினைவுக்கு வர அதிக நேரம் ஆகவில்லை.

"மறுபடி தூக்கிவெச்சு இறுக்கணும்னா எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார்.

"இப்பதான் சரியா இருக்கு மாமா."

"அது தெரியுது. எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு மணிநேரம். செய்யவா?"

அவர் காரைப் பார்த்தார். நாளைக்குத் துறையில் நிற்கப்போகிற கூட்டத்தைப் பார்த்தார், அது அங்கே இல்லை என்றாலும். வீப்கெ ஸ்பேனரோடு நின்றாள்.

"வேண்டாம்" என்றார். தன் வாயிலிருந்தா வந்தது என்று அவருக்கே சந்தேகம் வந்த மாதிரி, இன்னொருமுறையும் சொன்னார். "வேண்டாம், இருக்கட்டும்."

8

ஞாயிறு காலை. தேவாலயம் முடிந்த கூட்டம் அப்படியே துறைக்கு வந்தது. பாடல் முடிந்ததும் பாதிரியார் ஆசி கூறுவதற்குள் பாதிப் பேர் எழுந்துவிட்டதாகக் கேள்வி. வண்டிக்காரர்கள் குதிரைகளை ஓரம்கட்டி, வாய்க்கு ஓட்ஸ் பையை மாட்டிவிட்டு வந்து நின்றார்கள். கடல் தன் சேலையைச் சுருட்டிக்கொண்டு வெகுதூரம் போயிருந்தது. கப்பல் பள்ளத்தில் கிடந்தது. சாய்பாலம் சறுக்குமரம்போல நின்றது.

அன்று பாலத்தை இயக்க வேறு ஆள். ஃபோக்கோ கடையைப் பூட்டிவிட்டு, கல்யாணத்துக்குப் போட்ட அதே சட்டையைப் போட்டுக்கொண்டு, புதுக் கயிற்றைப் பிடித்து நின்றான். அவன் மனைவியும் வந்திருந்தாள். ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்த பொறுமை அவள் முகத்திலும் பாதி இருந்தது.

ஐலர்ட் காரைப் பாலத்தின் தலைமாட்டில் நிறுத்தினார். பெட்ரோலைப் பாதியாகக் குறைத்திருந்தார். ஸ்டெப்னியை வீட்டில் இறக்கிவைத்திருந்தார். இருக்கையின் கீழ் கிடந்த சில்லறையைக்கூடப் பொறுக்கி எடுத்திருந்தார். இன்னும் எடையுள்ளது ஒன்றுதான் வண்டியில் இருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அல்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"வண்டிய எறக்கறேன் எறக்கறேன்னு கடைசியில என்னைய எறக்கிவிடுறியா?"

"கொஞ்ச தூரந்தான். கப்பல்ல ஏறினதும் உக்காந்துக்க."

அல்மா இறங்கினாள். கதவை மெதுவாகச் சாத்தினாள். அதுதான் பயங்கரம். சாய்பாலத்தில் ஞாயிற்றுக்கிழமைச் செருப்போடு முன்னால் நடந்து, மடிப்புக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். கூட்டத்துக்கும் மடிப்புக்கும் நடுவே, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி. எதற்காக அங்கே நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. சத்தியமாக எனக்கும் தெரியவில்லை.

ஐலர்ட் பிரேக்கை விட்டார்.

கார் இறங்கத் தொடங்கியது. நடுப்பாலத்தைக் கடந்தது. மூக்கு மடிப்பை நோக்கிப் போயிற்று. துறையில் ஒரு குழந்தைகூட இருமவில்லை. குதிரைகள் மெல்லுவதை நிறுத்தின. ஃபோக்கோவின் கயிறு விறைத்தது. ஐலர்ட்டின் காது முழுவதும் முன்பம்பருக்குக் கீழே இருந்தது. தன் வாழ்நாளில் அவர் யார் யார் வண்டியிலோ கேட்டு மணியடித்த அந்தச் சத்தத்துக்காக, அவர் முதல்முறையாக

9

நிறுத்திக்கொள்கிறேன்.

மேலே எழுத முடியாமல் இல்லை. நாலு முடிவு எழுதிவைத்திருக்கிறேன், ஒன்றைவிட ஒன்று கேவலம்.

(அ) உரசுகிறது. ஃபோக்கோ மணியை அடிக்கிறான், ஒன்று, இரண்டு, அடித்துக்கொண்டே இருக்கிறான். கூட்டம் சிரிக்கிறது. ஐலர்ட் திருந்துகிறார். (மனிதர்கள் திருந்துவதாக எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பல் கூசுகிறது. மிச்சமுள்ள பல்.)

(ஆ) உரசவில்லை. தேக்கரண்டிக் கனத்தில் கார் நழுவிப் போகிறது. ஃபோக்கோ கயிற்றை விட்டுவிட்டு ஐலர்ட்டைக் கட்டிப்பிடிக்கிறான். (அவன் மனைவி சம்மதிக்கமாட்டாள்.)

(இ) உரசுகிறது. ஆனால் அதே நொடியில் அல்மா பலமாக இருமுகிறாள். எது இருமல், எது இரும்பு என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதற்காகத்தான் அங்கே போய் நின்றாள். (இது எனக்கே பிடித்துவிட்டது. ஆகவே சந்தேகத்துக்குரியது. தவிர, அவள் கரண்டி போட்டவள். இருமுகிறவள் அல்ல.)

(ஈ) ஃபோக்கோ கயிற்றை இழுக்கிறான், மணி அடிக்கிறது. கார் இன்னும் மடிப்பைத் தொடவே இல்லை. காத்திருந்து காத்திருந்து அவன் கை முந்திக்கொண்டது. எல்லாரும் திரும்பி அவனைப் பார்க்கிறார்கள். அந்த இரைச்சலில், கார் உரசியதா இல்லையா என்பது ஐலர்ட்டுக்கே கேட்கவில்லை. மீதி வாழ்நாள் முழுவதும் உரசியிருக்குமோ என்று கேட்டுக்கொண்டே...

(இதையும் பாதியில் விட்டேன். நன்றாக இருக்கிறது என்பதற்காகக் கோபம் வந்தது.)

நீங்கள் இவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்து படித்தீர்கள். ஐலர்ட் கேலி செய்தார், ஃபோக்கோ காத்திருந்தான், வீப்கெ மறந்தாள், அல்மா நடந்தாள், நான் எழுதினேன். உங்களுக்கும் ஒரு வேலை இருக்கட்டும். கார் மடிப்புக்கு ஒரு விரல் தூரத்தில் நிற்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் வியர்க்கிறார். இறக்கம் மிதமா, அதிகமா என்பதை இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும். இந்தாருங்கள் மணிக்கயிறு, பிடித்துக்கொள்ளுங்கள். புதுக் கயிறு, கையை அறுக்கும்.

இழுப்பதற்கு முன் ஒரே ஒரு தகவல், சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவன் என்பதால் சொல்லிவிடுகிறேன்: எங்கள் தீவில் குதிரைவண்டிக்கு மட்டும்தான் அனுமதி; மோட்டார் கார் ஒன்றுகூட இதுவரை இங்கே வந்ததில்லை.